மேனேஜரின் பின்னங்கால்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கி எழுந்து ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்வருகிறாய் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், அம்மாவும் நலம். அனைவரும் நலம் என்று ஒரே வரியாக எழுதிவிட்டு மேலே போகலாம் என்றுதான் பேனாவைத் திறந்தேன், அந்த 'அனைவரும்' கிட்டே வந்ததும் கை நின்றுவிட்டது. இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இல்லையே. பயந்துவிடாதே பாப்பா, உன் முயல் மேனேஜர் உயிரோடுதான் இருக்கிறார், இப்போதும் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து நான் எழுதுவதைக் கண்காணித்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் நான் போனில் சொல்லிக்கொண்டு வந்த மாதிரி அவர் நலமாக இல்லை, ரொம்ப நாளாகவே இல்லை. வாரா வாரம் போனில் பேசுகிற அப்பா எதற்கு மெனக்கெட்டுக் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ பாதியில் அழுவாய், நான் பாதியில் கட் பண்ணிவிடுவேன், அப்புறம் சிக்னல் மேல் பழியைப் போடுவேன். பேப்பரில் அப்படித் தப்பிக்க முடியாது.

முதலில் வீட்டு விஷயம். அம்மாவின் முழங்கால் நீ சொல்லிக்கொடுத்த பயிற்சியால் தேவலை. காலை நீட்டி மடக்கும்போது நீ பக்கத்தில் நின்று எண்ணுகிற மாதிரி தானே சத்தமாக எண்ணுகிறாள், நடுவில் என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டி வந்தால் எண்ணிக்கை விட்டுப்போய் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள், அதற்கும் திட்டு எனக்குத்தான். சித்தி வீட்டில் சுவருக்கெல்லாம் புதிதாக வண்ணம் அடித்திருக்கிறார்கள், ஒரு மாதிரி வெளிர் பச்சை, வார்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது, நான் வாயைத் திறக்கவில்லை, உனக்குப் போட்டோ வந்தால் நீயும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடு. மாடி வீட்டுக்காரர் இந்த வயதில் பாட்டுக் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறார், அந்தக் குரலைப் பற்றி எழுதினால் பேப்பர் போதாது. எனக்கு வேலைக்குக் குறைவில்லை. அம்மா இப்போது என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, ஊர்க்கதை போதும், விஷயத்துக்கு வாங்கன்னு சொல்லிவிட்டுப் போகிறாள். வருகிறேன்.

நீ கிளம்புவதற்கு முந்தின நாள் ஹாலில் மண்டியிட்டு, வாசற்கதவிலிருந்து ஜன்னல் வரைக்கும், அங்கிருந்து உன் அறை வரைக்கும் கார்ப்பெட் துண்டுகளை வரிசையாகப் போட்டாய். ஒவ்வொன்றுக்கும் அடியில் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பை ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாய். அப்பா, இதை மட்டும் எடுத்துடாதீங்க, இதுக்கு நாய் பூனை மாதிரி பாதத்துல சதை கிடையாது, வெறும் ரோமம்தான், வழவழன்னு இருக்கிற தரையில இதால நிக்க முடியாதுப்பா, என்று சொன்னாய். நான் சரி சரி என்றேன். நீ சொன்னது காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. மனதில் இருந்ததெல்லாம் எப்பேர்ப்பட்ட தரையை இவள் இப்படிப் போர்த்தி மூடுகிறாளே என்ற எரிச்சல்தான். அந்தத் தரையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தரைக்கு பாலிஷ் போட்டுப் பிழைக்கிறவனுக்கு போர்டு எதற்கு, விசிட்டிங் கார்டு எதற்கு, பாலிஷ் எப்படி வரும் என்று கேட்கிறவர்களை நம் கட்டட மேஸ்திரி, அதுதான் நீ 'குடை' என்று பெயர் வைத்தாயே, வெயிலோ மழையோ குடையைக் கீழே வைக்காத அந்த மனிதர், நேராக நம் ஹாலுக்குத்தான் கூட்டிவருவார். முதல் கல்லில் ஆரம்பித்து ஒன்றைவிட ஒன்று நைசான கல்லாக மாற்றி மாற்றி மெஷினை ஓட்டி, கடைசிக் கல்லையும் ஓட்டி, மெழுகு போட்டு நான் வளர்த்த தரை அது. விளக்கைப் போட்டால் கீழேயும் ஒரு விளக்கு எரியும். நீ பள்ளிக்கூடம் போகிற வயதில் கண்ணாடியை விட்டுவிட்டு அதில் குனிந்து பார்த்து வகிடு எடுப்பாய், அம்மா கத்துவாள், எனக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

நீ போன கொஞ்ச நாளில் குடை ஒரு ஹோட்டல் முதலாளியைக் கூட்டிவருவதாகச் சொன்னார். கார்ப்பெட்டையெல்லாம் எடுத்துவிட்டுத் துடைத்து வைத்தேன், அவர்கள் போனதும் திரும்பப் போட்டுவிடலாம் என்று சத்தியமாக நினைத்துத்தான் எடுத்தேன். அந்த முதலாளி வாசலிலேயே நின்றுவிட்டார், உள்ளே வரவில்லை, என்னங்க தண்ணி ஊத்தி வெச்சிருக்கீங்களா, என்று கேட்டார். குடை என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பாப்பா, அந்த ஒரு கேள்வியில் நான் கெட்டேன். அவர் போன பிறகு அந்தத் தரையில் மறுபடியும் சாம்பல் நிறத் துண்டுகளை ஒட்ட எனக்கு மனது வரவில்லை. டேப் விட்டுப்போன பிசினைக்கூட மண்ணெண்ணெய் தொட்டுச் சுத்தமாகச் சுரண்டி எடுத்தேன். கார்ப்பெட்டைச் சுருட்டி உன் அறைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தினேன். அம்மா கேட்டதற்கு, சாயங்காலம் போடறேன் என்றேன். அந்தச் சாயங்காலம் வரவே இல்லை. நீ போனில், அப்பா கார்ப்பெட் எல்லாம் இருக்குல்ல, என்று கேட்டாய், இருக்கும்மா என்றேன். கதவுக்குப் பின்னால் இருந்தது.

அவருக்கு மேனேஜர் என்று நீ ஏன் பெயர் வைத்தாய் என்பது உனக்கு நினைவிருக்கும், கையைப் பின்னால் கட்டாத குறையாக அறை அறையாகப் போய் எல்லாவற்றையும் மோந்து பார்த்து, பிடிக்காவிட்டால் பின்னங்காலால் தரையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு வருவார். கார்ப்பெட் போன பிறகு அந்தச் சுற்றுப்பயணத்தில் வழுக்க ஆரம்பித்தது. திரும்புகிற இடத்திலெல்லாம் பின்பக்கம் தனியாகப் போகும், முன்பக்கம் தனியாகப் போகும், ஜன்னலை நோக்கிக் கிளம்பினவர் சோபாவில் போய் இடித்துக்கொண்டு நிற்பார். நான் சிரித்தேன். சிரித்தது போதாதென்று போனில் வீடியோவும் எடுத்தேன். வேலை நடக்கிற இடத்தில் டீ குடிக்கும்போது, எங்க மேனேஜர் ஸ்கேட்டிங் போறார் பாருங்க, என்று எல்லாருக்கும் காட்டினேன், விழுந்து விழுந்து சிரித்தார்கள், இன்னொரு தடவை போடச் சொன்னார்கள், போட்டேன். யாருக்கெல்லாமோ காட்டினவன் உனக்கு மட்டும் அனுப்பவில்லை. அப்போதே உள்ளுக்குள் எனக்குத் தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம். இப்போது அதை அழித்துவிட்டேன், அழிப்பதற்கு முன்னால் சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு தடவை பார்த்தேன். அது விளையாட்டே இல்லை. பின்னங்கால் இரண்டும் பக்கவாட்டில் பிரிந்து போக, முன்னங்கால் நகத்தால் தரையைப் பிராண்டிப் பிராண்டிப் பிடிமானம் தேடுகிறது. அந்த நகம் படுகிற சத்தம்தான் அன்றைக்கு எங்கள் சிரிப்பில் கேட்காமல் போயிருக்கிறது.

அப்புறம் அது சுற்றுவதையே விட்டுவிட்டது. சுவர் ஓரமாக ஒரே இடத்தில் குந்தி உட்கார்ந்திருக்கும். பரவாயில்லை, தரையை அழுக்காக்கக்கூடாது என்று மரியாதை தெரிந்துகொண்டது என்றுகூட நான் நினைத்தேன், இதை எழுதும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. வெறும் தரையில் முழு எடையையும் குதிகாலில் வைத்து உட்கார்ந்து உட்கார்ந்து இடது பின்னங்காலில் ரோமம் தேய்ந்துபோய் சிவப்பாகத் தோல் தெரிந்தது. அம்மாதான் பார்த்தாள். கார்ப்பெட்டைப் போடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது, என்று கத்தினாள். நான் வேலையில் கை வெடித்தால் போடுகிற களிம்பை எடுத்துத் தடவிவிட்டு, இதெல்லாம் ஒரு விஷயமா என்றேன். நான் அந்தப் பக்கம் போனதும் அது நக்கித் துடைத்துவிட்டது. கொஞ்ச நாளில் கணுக்கால் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கி, தொட்டால் சூடாக இருந்தது. காலைக் கீழே வைக்காமல் தூக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தது. தீனி அப்படியே கிடந்தது, ஆனால் நாள் முழுக்கப் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் நீ கூப்பிட்டு மேனேஜர் சாப்பிடுறாரான்னு கேட்டாய். எதையோ மென்னுக்கிட்டேதாம்மா இருக்கார், என்று சொன்னேன். வலியில்தான் முயல் அப்படிப் பல்லைக் கடிக்கும் என்று பிறகு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. ஆனால் சாப்பிடவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும்.

நீ வேலை நிரந்தரமாவதற்கான பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய், இந்த நேரத்தில் உன்னைக் கலங்க வைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் காரணம் சொன்னேன், அவளும் ஒத்துக்கொண்டாள். அது சாக்குத்தான். விழுந்தவர்களையும் வயதானவர்களையும் திரும்ப நடக்க வைக்கிற வேலை உனக்கு. எந்த மூட்டில் என்ன கோளாறு என்று ஒருவர் வாசலில் நுழையும்போதே கண்டுபிடிக்கிறவள் நீ. அப்படிப்பட்டவளிடம் நம் வீட்டிலேயே ஒரு மூட்டை மறைத்தேன். வீடியோவில் நீ கூப்பிட்டபோதெல்லாம் மேனேஜரை மடியில் வைத்து முகத்தை மட்டும் காட்டினேன். அப்பா கொஞ்சம் கீழே காட்டுங்க, நடக்க விடுங்க, பாக்கணும்போல இருக்கு, என்றாய். சிக்னல் போகுதும்மா என்று கட் பண்ணினேன். என் மடியில் அதன் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஈறு வீங்கினபோது கொடுத்த மாத்திரை மிச்சம் இருந்தது, அதைப் பொடி பண்ணிக் கொடுக்கலாம் என்று எடுத்தேன், அம்மா பிடுங்கிக் குப்பையில் போட்டாள். துணிக்கூடையில் ஒரு பழைய துண்டை விரித்து முயலைத் தூக்கி வைத்துவிட்டு, நீங்க வர்றீங்களா, நான் மட்டும் போகட்டுமா, என்று கேட்டாள். சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

கால்நடை டாக்டர் உன்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவளாக இருக்கலாம், தலைமுடியை உச்சியில் பென்சில் செருகிக் கட்டியிருந்தாள். நாய்களுக்கு நடுவில் வெளியே உட்கார்ந்திருந்தபோது நான் சும்மா இருந்தேனா, இல்லை. அந்தக் கிளினிக் தரையைப் பார்த்துவிட்டு, எவன் பண்ணின வேலை இது, இரண்டு கல்லோடு விட்டுட்டுப் போயிருக்கான், பணம் வாங்க வெட்கமா இல்லையா, என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாள். கணுக்கால் மூட்டுக்குள்ளேயே சீழ் கோத்திருக்கிறது, எலும்பை இன்னும் பெரிதாக அரிக்கவில்லை என்றாள். முயலுக்கு வர்ற சீழ் நமக்கு வர்ற மாதிரி தண்ணியா இருக்காது, பற்பசை மாதிரி கெட்டியா இருக்கும், ஊசியில இழுத்தா வராது, திறந்துதான் கழுவணும், என்றாள். மயக்கம் கொடுப்பதிலேயே ஆபத்து உண்டு என்றாள். மாத்திரை பற்றிக் கேட்டேன், வாய்வழியா அதைக் கொடுத்திருந்தா குடல் கெட்டு அதுலயே போயிருக்கும், என்றாள். அம்மா என்னைப் பார்த்தாள். அப்புறம் டாக்டர் குனிந்து எழுதிக்கொண்டே, வீட்டுல எந்த மாதிரி தரை, என்று கேட்டாள். சாதாரணத் தரைதாங்க என்றேன். உன்னிடம் சொன்ன பொய் போதாதென்று அவளிடமும் சொன்னேன். அம்மா கூடையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தாள், என்னை அந்த இடத்தில் விட்டுக்கொடுக்கவில்லை, அவள் திட்டியிருந்தால் நான் இவ்வளவு குறுகிப்போயிருக்க மாட்டேன்.

எடை பார்ப்பதற்கு முன்னால் டாக்டர் அதைக் கீழே விட்டாள். அந்த இரண்டு கல்லோடு விட்ட தரையில், நான் வாய்க்கு வந்தபடி திட்டின தரையில், மேனேஜர் கெட்ட காலைத் தூக்கிக்கொண்டு மற்ற மூன்று காலில் நின்றது. வழுக்கவில்லை. நகத்தால் பிராண்டவில்லை. மெதுவாக டாக்டரின் செருப்புவரை போய் மோந்து பார்த்தது. நம் ஹாலில் அது அப்படி நேராக நடந்து நான் பார்த்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் சுவரில் ஒட்டியிருந்த நாய்ப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு வீடே ஆஸ்பத்திரியாகிவிட்டது. கழுத்துக்குப் பின்னால் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி ஊசி போட வேண்டும், மெஷின் பிடித்துப் பிடித்து என் கை எப்போதும் லேசாக ஆடிக்கொண்டே இருக்கும் என்பதால் ஊசி அம்மா, பிடித்துக்கொள்வது நான். புண்ணைக் கழுவிச் சுத்தம் செய்து கட்டு மாற்ற வேண்டும், அதை நான் செய்கிறேன், தரையில் ஒரு சின்னக் கீறலைக்கூட விடாமல் பார்க்கிறவன் என்று பேர் எடுத்த கண் அதற்காவது உதவட்டும். வயிறு நின்றுவிட்டால் முயல் பிழைக்காதாம், அதனால் புல் பொடியைக் கூழாகக் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் கடைவாய் ஓரமாக ஊட்டினோம். முதல் வாய் என் சட்டைக்கு, இரண்டாவது வாய் என் முகத்துக்கு, மூன்றாவதுதான் உள்ளே போகும். புழுக்கை விழுந்துவிட்டால் அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து பார்ப்பாள், ஏதோ பரீட்சை ரிசல்ட் வந்த மாதிரி எனக்குக் கூப்பிட்டுச் சொல்வாள். அம்மா வந்தால் மேனேஜர் தலையைத் தூக்கிப் பார்ப்பார். நான் வந்தால் உட்கார்ந்த இடத்திலேயே திரும்பி முதுகைக் காட்டுவார். கோபம் வந்தால் முயல் அப்படித்தான் செய்யும் என்று நீதான் முன்பு சொல்லியிருக்கிறாய். அந்த முதுகிடம் நான் நிறையப் பேசினேன். மன்னிப்பும் கேட்டேன். அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்தேன், தெரிந்துதான் இருந்திருக்கிறது.

கார்ப்பெட்டையும் துவைத்துக் காயவைத்துத் திரும்பப் போட்டேன். நல்லது செய்கிறேன் என்று போட்டதும் வினையாகத்தான் முடிந்தது. மெழுகு ஏறின தரையில் டேப் பிடிக்கவில்லை, நீ ஒட்டியபோது நான் பல மாதமாக மெழுகு போடாமல் விட்டிருந்தேன், நீ போன பிறகுதான் ஆசை ஆசையாக ஏற்றியிருந்தேன். ஒரு நாள் காலையில் மேனேஜர் கொஞ்சம் தெம்பாகி ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்குத் தாவப் பார்த்தது, காலுக்கடியில் கார்ப்பெட்டே நழுவிப்போய் கட்டுப்போட்ட கால் மேலேயே விழுந்தது. முயல் கத்தும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது பாப்பா. குழந்தை கத்துகிற மாதிரி இருந்தது. மேலே பாடிக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டு என்ன என்று எட்டிப் பார்த்தார்.

திரும்பவும் கிளினிக்குக்கு ஓடினோம். தையல் விட்டுப்போயிருந்தது, மூட்டு மறுபடியும் வீங்கியிருந்தது. டாக்டர் எல்லாம் சரிசெய்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அடுத்த தடவை நீங்க கொண்டு வரும்போது இந்தக் காலைத் தானா ஊன்றலைன்னா எடுத்துடறதுதான் நல்லது, மூணு காலோட முயல் நல்லாவே வாழும், ஆனா அப்ப மிச்சம் இருக்கிற ஒத்தைப் பின்னங்கால்தான் மொத்த பாரத்தையும் தாங்கும், கீழ இருக்கிறது சரியில்லைன்னா அதுக்கும் இதே கதிதான், அதுக்கப்புறம் என்னால செய்யக்கூடியது ஒண்ணும் இருக்காது, என்றாள். பிறகு முதல் நாள் கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள், வீட்டுல எந்த மாதிரி தரை. நான் தரைக்கு பாலிஷ் போடுறவம்மா, என்றேன். பொண்ணு போட்டுவெச்ச கார்ப்பெட்டை நான்தான் எடுத்தேன், தரை அழகாத் தெரியணும்னு எடுத்தேன், என்றேன். டாக்டர் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் முயலின் காதைத் தடவிக்கொண்டே, அப்ப எந்தத் தரையில கால் நிக்கும்னு எனக்குத் தெரியறதைவிட உங்களுக்குத்தானே தெரியணும், என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், வீடு வரைக்கும் என் மனதில் அதுவே ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் அம்மா மேனேஜரைக் கூடையில் வைத்துக்கொண்டு சித்தியின் பச்சை வீட்டுக்குப் போனாள், மெஷின் சத்தத்தில் முயல் பயந்தே செத்துவிடும். நான் சோபா, மேஜை எல்லாவற்றையும் உன் அறைக்குள் தள்ளிவிட்டு மெஷினை ஹாலில் இறக்கினேன். மெழுகையெல்லாம் முதலில் எடுத்துவிட்டு, தண்ணீர் ஊற்றி, முதல் கல்லை மாட்டினேன். புதுத் தரைக்கு மாட்டுகிற கல் அது, முடிந்த தரையில் அதை வைத்தால் என்ன ஆகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும். பட்டனை அழுத்த மனது வரவில்லை, கொஞ்ச நேரம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்பதை மறைக்கவில்லை. அப்புறம் அழுத்திவிட்டேன். ஒரு சுற்றிலேயே தரையில் தெரிந்த ஜன்னல் போய்விட்டது, அடுத்த சுற்றில் கீழே எரிகிற விளக்கும் போய்விட்டது, வெள்ளைச் சேறு காலைச் சுற்றி ஓடியது. ஆனால் அப்படியே விட்டுவிட்டாலும் தப்பு, முதல் கல்லின் சொரசொரப்பு மேனேஜரின் தோலை மறுபடியும் அறுத்துவிடும். அதனால் நடுக் கல்லை மாட்டி, பிடிக்கவும் வேண்டும் குத்தவும் கூடாது என்கிற இடம் வருகிறதா என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கையால் தடவினால் போதாது, என் கை காய்த்துப்போனது, கல்லும் பஞ்சும் அதற்கு ஒன்றுதான். சேற்றைத் துடைத்துவிட்டுத் தரையில் படுத்துக் கன்னத்தை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். அந்தக் கோலத்தில்தான் குடை வாசலில் வந்து நின்றார், கூடவே பளபளவென்று சட்டை போட்ட ஒரு புதுப் பார்ட்டி. என்ன பண்றீங்க, ஊருக்கெல்லாம் காட்டுற தரையை யாராவது இப்படிப் பண்ணுவாங்களா, என்று குடை அலறினார். முயலுக்குக் கால் நிக்கலைங்க, என்றேன், வேறு என்ன சொல்வது. அந்தப் பார்ட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இரண்டு பேரும் திரும்பிப் போய்விட்டார்கள், குடை போகிற அவசரத்தில் குடையை வாசலிலேயே மறந்துவிட்டார், இன்னும் இங்கேதான் இருக்கிறது. தொழில்காரன் முன்னால் மானம் போவது சாதாரண விஷயம் இல்லை, எனக்குக் காது வரை சுட்டது. ஆனால் உன்னிடம் கார்ப்பெட் இருக்கும்மா என்று சொன்னதை நினைத்தால் வருகிற கூச்சத்துக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை.

இரண்டு நாள் காயவிட்டு, கார்ப்பெட்டை உன் மாதிரியே மண்டியிட்டு ஒட்டினேன், இப்போது டேப் பிடித்துக்கொண்டது, இழுத்தாலும் வரவில்லை. நடுவில் கொஞ்சம் இடம் வெறும் தரையாகவே விட்டேன், அதுவும் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமே. அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு சமையலறை வாசலில் என் பக்கத்தில் வந்து நின்றாள். மேனேஜர் வெளியே வந்து கொஞ்ச நேரம் அசையவே இல்லை. பிறகு முகவாயைத் தரையில் தேய்த்தது, காற்றை மோந்தது, கார்ப்பெட் மேல் போனது, அங்கிருந்து நான் வெறுமையாக விட்ட இடத்துக்கு வந்து நின்றது. தூக்கியே வைத்திருந்த இடது காலை மெதுவாக இறக்கியது, விரல் மட்டும் பட்டது, எடுத்தது, மறுபடியும் வைத்தது. வைத்தபடியே ஒரு அடி எடுத்தது. அம்மா என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். அப்புறம் மேனேஜர் நொண்டி நொண்டி ஜன்னல் வரைக்கும் போய், திரும்பி வந்து, என்னைக் கடந்து போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

நேற்று டாக்டர் பார்த்துவிட்டாள். காலை எடுக்க வேண்டாம் என்றாள். சீழ் இல்லை, ஊசியும் இன்னும் கொஞ்ச நாளில் நின்றுவிடும். ஆனால் உன்னிடம் பூசி மெழுகி எழுத மாட்டேன். அந்த மூட்டு இறுகிவிட்டது, இனி மடங்காது. முன்பு மாதிரி ஓடிவந்து உன் கட்டிலில் தாவி ஏறாது, சந்தோஷம் வந்தால் காற்றில் எகிறி உடம்பை முறுக்குமே, அதுவும் முடியாது. பிடிக்காவிட்டால் தரையில் ஓங்கித் தட்டுமே, இப்போது ஒரு காலால் மட்டும் தட்டுகிறது. நீ எவ்வளவு நம்பிக்கையாக என்னிடம் விட்டுவிட்டுப் போனாய், நான் ஒரு ஆள் வாசலில் நின்று வாய் பிளக்க வேண்டும் என்பதற்காக அதன் காலைக் கெடுத்தேன். உனக்கு என் மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் அது நியாயம்தான், அம்மாவிடம் பேசிவிட்டு என்னிடம் கொஞ்ச நாள் பேசாமல் இருந்தாலும் ஏன் என்று கேட்க மாட்டேன். ஒன்று மட்டும், அம்மாவைத் திட்டாதே, அவள் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிறாய், வீட்டுக்கு வந்ததும் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக் கொஞ்ச நேரம் படு, அடுத்தவர் காலைப் பார்க்கிறவள் உன் காலையும் பார்த்துக்கொள். வார்டில் தரை கழுவியிருந்தால் அவசரப்பட்டு ஓடாதே. எழுதி முடித்த பரீட்சையில் ரிசல்ட் நீ நினைத்தபடி வரும், நீ கை வைத்தவர்கள் எல்லாரும் எழுந்து நடப்பார்கள், எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். லீவில் நீ வரும்போது ஹாலில் உன் முகம் தெரியாது, வகிடு எடுக்க உள்ளே கண்ணாடியில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்ததும் மறக்காமல் வீடியோவில் கூப்பிடு. இந்தத் தடவை போனைத் தரையில் வைக்கிறேன், மேனேஜர் நடப்பதை முழுசாகப் பார், பார்த்துவிட்டுத் திட்டு. நான் கட் பண்ண மாட்டேன். நம் வீட்டில் சிக்னல் எப்போதும் நன்றாகத்தான் இருந்தது.

இப்படிக்கு,
கார்ப்பெட்டை எடுத்த உன் அப்பா